ஏழாம் இலக்கம்

கொழும்பில் டிலோஜனுக்குச் சாரன் கட்டிவிட்டார்கள்.
கட்டம் போட்டது, புத்தம் புதியது.
விலைச்சீட்டுக் கிழித்த நூல் இடுப்பில் ஆடுகிறது.
தலையில் துண்டு, பின்னால் வைக்கோல்,
அட்டையில் வெட்டிய இரண்டு மாடுகள்.
ஒன்றுக்குக் கண் கொஞ்சம் மாறு.

மாடு வளைத்துச் சூடு மிதித்தவனா அவன்?
சுனாமி மெஷின் ஓட்டுகிறவன்.
வெல்லாவெளியிலிருந்து தும்பங்கேணி வரை
ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி இறங்குவான்.
நான் பின்தட்டில் நின்று சாக்குக் கட்டுகிறவன்.
எஞ்சினுக்கு மேலால் கத்திக் கத்தித்தான்
அந்தக் குரல் அப்படி ஆனது.
பொலிப்பாட்டை அவன் பாடமாக்கியது போனில்,
டீசலுக்கு வரிசையில் நின்ற இரண்டு இரவில்.

இதையெல்லாம் மேடையில் சொன்னானாம்.
வெட்டிவிட்டார்கள்.
'கலப்பை பிடித்த கைகள்' என்று
கீழே எழுத்து ஓடியது.

குருமண்வெளி வெல்டிங் பட்டறையில்
ஒரு டிவிக்கு முப்பது பேர்.
வெளியே மழை. கூரையில் ஏறி
டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருந்தான் கஜரூபன்.
டிலோஜன் 'பொலி' என்று இழுத்த இழுப்பில்
நடுவர் அம்மா கண்ணைத் துடைத்தார்,
மண் வாசனை என்றார்.
அன்றைக்கு அது நாலாவது மண் வாசனை.
எங்களுக்கு கிறீஸ்தான் மணத்தது.
என்றாலும் விசில் அடித்தோம்.

மறுகா அவள் வந்தாள்.
இறக்காமத்துப் பர்ஹீனா. நாலாம் இலக்கம்.
இடுப்பில் வைக்கச் சொல்லிக் கொடுத்த குடத்தை
நிலத்தில் வைத்துவிட்டு
கவி ஒன்று எடுத்தாள்.
இரண்டாவதில் சொல் மறந்துபோயிற்று.

கமரா முகத்துக்கே போனது,
அழுவாள் என்று பார்த்து.
அவள் நடுவர்களைப் பார்க்கவில்லை.
சொல் இல்லாத இடத்தை
மூக்கால் ஒரு முனகலாக இழுத்துக்கொண்டு போனாள்.
கயிறு அறுந்த பாதை
ஆட்களோடு அக்கரைக்கே போய்ச் சேர்ந்ததுபோல
அடுத்த அடியில் வந்து நின்றாள்.

பட்டறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.
"என்னடா, கரண்ட் போயிற்றா?" என்று
கூரையிலிருந்து கஜரூபன் கேட்டான்.

அறிவிப்பாளர் 'ஓட்டு' என்றார், சென்னை வாயால்.
நாங்கள் வோட்டு என்போம்.
முதலாளி ரீலோட் கார்ட் கட்டாக வாங்கித் தந்திருந்தார்.
சுரண்டிச் சுரண்டி நகமெல்லாம் வெள்ளி.
ஏழு, ஏழு, ஏழு என்று அனுப்பினேன்,
இருபத்துமூன்று தரம்.
இருபத்துநாலாவதற்கு நாலை அமத்தினேன்.

விரல் பிசகவில்லை.
'உங்கள் வாக்குக்கு நன்றி' என்று வந்தது.
பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்க்குமுன் அழித்தேன்.

அவன் வெளியேறினான்.
எத்தனையால் என்று அவர்கள் சொல்வதில்லை.
ஒன்றால் இராது.
கட்டாயம் ஒன்றால் இராது.
அடுத்த கிழமை அவளும் போனாள்,
அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

விடியச்சாமம் களுவாஞ்சிகுடியில் பஸ்ஸால் இறங்கினான்.
சாரனை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லையாம்.
பெல்ட் மாற்றும்போது அதில்தான் கை துடைத்தான்.
"மேக்கப் போட்டா சொறியுது மச்சான்" என்றான்.
போட்டி பற்றி அவ்வளவுதான் பேச்சு.

நேற்று இரவு, போரதீவுக்கு அங்கால ஒரு வயல்.
மழைக்கு முதல் முடிக்க வேண்டும்.
ஹெட்லைட்டில் பூச்சி புழுதியாய்ப் பறக்க
அவன் எதையோ பாடிக்கொண்டு ஓட்டினான்.
எஞ்சினில் ஒன்றும் கேட்காது.
வரம்போரம் திருப்ப வேகம் தணிந்தபோதுதான்
காதில் விழுந்தது:
அந்த முனகல்.
சொல் விழுந்துபோன அதே இடம்,
அதே நீளம்.

ஒரு சாக்குக்கு வாய் கட்ட மறந்தேன்.
நெல் காலில் கொட்டியது.
கண்ணாடியில் பார்த்துவிட்டு
"என்னடா?" என்று கத்தினான்.

"ஒண்டுமில்ல," என்றேன்,
"நீ ஓட்டு."