கயிறு

ஆகஸ்டு. இரவு இரண்டரை. குவைத் விரிகுடா.
காற்று செத்து நாலு நாளாகிறது.
ஆறிய கஞ்சிபோல்
ஆடை படர்ந்து கிடக்கிறது கடல்.

கர்கூர்க் கூண்டை இழுக்கக் குனிந்த வியாகப்பன்
கையை வெடுக்கென எடுக்கிறார்.
கயிறு முழுக்க நண்டு.
ஒன்றின் முதுகில் ஒன்று, கொடுக்கை மடக்கி,
யாரையும் கடிக்க நேரமில்லாமல்
ஏறிக்கொண்டே இருக்கின்றன.

"அள்ளுங்கண்ணே, நல்ல பாடு!"
ஜபருல்லா தொண்டிக்காரன். வேலைக்கு வந்து ஒரு மாதம்.
"நமக்குள்ள பாடு இல்லலே," என்றார்.
"அதுவ படுற பாடு."

கூண்டுக்குள் இருந்த மடவைகள்
வாய் திறந்தபடி செத்திருந்தன.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆள் நான்.
கருவியை இறக்கி மூச்சின் அளவு பார்க்கிறேன்.
ஒரு மீட்டரில் ஆறு.
நாலு மீட்டரில் இரண்டு.
எட்டில், முள் அசைந்ததாக எழுதினால் பொய்.

வடக்கே ஷத் அல் அரபு கொட்டுகிறது.
பஸ்ராவுக்கும் மேலே யாரோ ஒருவர்
பயிர் மஞ்சளாகிறதே என்று பயந்து
ஒரு கை கூடப் போட்டிருப்பார்.
இந்த நகரத்துக் கக்கூஸ்களும்
தங்கள் பங்கை அனுப்புகின்றன. என்னுடையதும்தான்.

அவரைத் திட்ட எனக்கு வாயில்லை.
நீடாமங்கலத்தில் மூன்று மாவுக்கு
மழைக்கு முந்தின நாள் யூரியா வீசியவன் நான்.
வடிவாய்க்காலில் கரைந்து போனது எங்கே போனதென்று
யார் கேட்டார்கள்?
மழை வந்ததே என்று பாயில் படுத்தோம்.

உரத்துக்கு வயல் எது, கடல் எது தெரியாது.
விழுந்த இடத்தில் வளர்க்கும், அவ்வளவுதான்.
பாசி தின்றது, பெருத்தது,
ஒரே வாரத்தில் செத்துக் கீழே இறங்கியது.
பிணத்தைத் தின்ன வந்த கண்ணுக்குத் தெரியாத கூட்டம்
இருந்த மூச்சையெல்லாம் இழுத்துக்கொண்டது.
பந்தி முடிந்த கூடத்தில்
கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய மாதிரி
அடியில் ஓர் இருட்டு.

மேலே காற்று இருக்கிறது.
செவுளின் ஈரம் காயும்வரை
நண்டுக்கும் அது உண்டு.

வியாகப்பன் கயிற்றை இழுக்கவில்லை, விடவும் இல்லை.
படகின் ஓரத்தில் சுற்றிக் கட்டிவிட்டு
பீடி தேடினார்.
ஜபருல்லா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான்.

விடிந்ததும் ஆலை நீர் இழுப்பதை நிறுத்தும்.
அதற்கொரு படிவம்: தேதி, ஆழம், அளவு.
கடைசிக் கட்டம், 'குறிப்பு'.
இத்தனை வருஷம் கோடு போட்டு விடுவேன்.
இன்று எழுதினேன்:
கயிறு போதவில்லை.