பத்துக்குப் பத்து

வில்லாபுரத்தில் இரண்டாவது மாடி.
முன்னறை பத்தடிக்குப் பத்தடி.
"சதுரம் நல்லது சார்" என்றார் தரகர்.
பாட்டுக்கு அது ஆகாது என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில்
ஸ்பீக்கர் பெட்டி அடித்துக் கொடுத்தவர் சவரிராயன்.
பதினெட்டு மில்லி பிளைவுட், உள்ளே குறுக்குக் கட்டை,
முகத்தில் காற்று வந்துபோக ஒரு பிவிசி குழாய்.
விரல் கணுவால் பக்கப் பலகையைத் தட்டினார்.
"பெட்டி பேசக் கூடாது சார்.
பேசுனா பாட்டுல குறுக்க பேசும்."
பேசவில்லை.
கருங்கல்லைத் தட்டியதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே
தவில் ஓரடிக்கு மூன்றடியாய் விழுந்தது.
கை தட்டிப் பார்த்தேன்.
டைல்ஸ் தரைக்கும் தளத்துக்கும் நடுவே
கைத்தட்டல் பல்லி மாதிரி ஓடியது.

அலைபேசியில் ஒரு சோதனை ஓசை உண்டு.
இருபதில் தொடங்கி மெல்ல ஏறும், ஒற்றை முனகல்.
நாற்பதில் ஒன்றுமில்லை.
ஐம்பதில் மின்விசிறியின் உறுமலோடு கலந்து போனது.
ஐம்பத்தாறில் வீடு எழுந்து நின்றது.
அடுக்களைப் பலகையில் எவர்சில்வர் மூடி ஒன்று
கறகறவென்று பதில் சொன்னது.
கீழ்வீட்டு ஜைனுலாபுதீன் போன் போட்டார்.
"சார், மோட்டார் போட்டிருக்கீங்களா?
தண்ணி வந்துருச்சா?"

அறைக்கு நட்டநடுவில் நின்றால் அந்த ஓசை இல்லை.
சுவரோரம் போனால் அதைத் தவிர வேறில்லை.
சுவரில் சாய்ந்து நைட்டிக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி
"நெஞ்சுக்குள்ள இடிக்குது, குறைங்க" என்றாள்.
"கேட்கவே இல்லையே" என்றேன் நடுவிலிருந்து.
பதினோரு வருடமாக
இதே சண்டையை
வேறு வேறு பொருள்களை வைத்துப் போட்டிருக்கிறோம்.

பழி பெட்டிக்கா, சுவருக்கா?
ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றினோம்.
ஒயர் மூன்று வீட்டுத் துணிக்கொடி தாண்டி வந்தது.
சுவரே இல்லாத இடத்தில்
பாடுபவர் மூச்சு வாங்குவது கேட்டது.
'ழ' எங்கே மடிகிறது என்பதுகூடக் கேட்டது.
ஆனால் தவில்?
தோல் இருந்தது, வயிறு இல்லை.
எந்த அடியும் திரும்பி வரவில்லை.
எல்லாம் அவனியாபுரம் பக்கம் போய்விட்டன,
தாழ இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானத்துக்குக் கீழே.

மங்கை சிமெண்டுத் தொட்டி மேல் உட்கார்ந்து
கொஞ்ச நேரம் கேட்டாள்.
"அப்ப இத்தனை நாளா
பாதிப் பாட்டைச் சுவரா பாடிச்சு?"

கீழே இறக்கினோம்.
அவளே வெட்டுத்துணி மூட்டைகளைக் கொண்டுவந்தாள்,
நைட்டி தைத்து மிஞ்சியது,
கழுத்துப் பிறை, கைக்குழித் துண்டு, ஆறு மூட்டை.
மூலைக்கு ஒன்றாய் நிமிர்த்தினோம், மீதியைச் சுவரோரம் அடுக்கினோம்.
அங்கிட்டு ஒரு சாண், இங்கிட்டு நாலு விரல் என்று
பெட்டிகளைச் சுவரைவிட்டு நகர்த்தினோம்.
கைத்தட்டலின் வால் அறுந்தது.
ஐம்பத்தாறு மட்டும்
மீசையைக் கொஞ்சம் இறக்கியதே தவிர
வீட்டைக் காலி செய்யவில்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் எல்லாம் சரியாகக் கேட்கிறது:
இரண்டு பெட்டிகளுக்கும் சம தூரம்,
பின்சுவரிலிருந்து மூன்றடி.
அங்கே அவளுடைய தையல் மெஷின்.

நகர்த்தலாமா என்று நான் கேட்கவில்லை.
சுவரில் சாய்ந்து, நெஞ்சில் இடி வாங்கிக்கொண்டு,
"எப்படி இருக்கு?" என்கிறேன்.
வாயில் குண்டூசி.
இடது கையை மட்டும் தூக்கி
இன்னும் கொஞ்சம் என்கிறாள்.

நேற்று மூடிக்கு அடியில் ஒரு துண்டுத்துணி மடித்து வைத்துவிட்டாள்.
ராத்திரி ஜைனுலாபுதீன் மறுபடி போன் போட்டார்.
"சார், பாட்டு போதும்.
நெசமாவே தண்ணி வந்து அரை மணி நேரமாச்சு."