நான்கு விநாடி

ஞாயிறு இரவு, ஷெப்பர்ட்ஸ் புஷ்.
தகரக் கூரைமேல் மழை விழுந்தால்
மந்திரியின் அறைக்குள்ளும் கேட்கும்.
அன்று பெய்யவில்லை.

அந்த அறைக்கு மூன்றே சுவர்.
ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேம்ஸ் நதி
இன்னும் காயாத பெயிண்ட்.
பத்தடி தள்ளிப் பத்திரிகை அலுவலகம்;
அச்சு யந்திரத்தின் இரைச்சல்
கிராமபோன் தட்டில் சுழல்கிறது.
ஆசிரியராக நடிக்கும் டெஸ்மண்ட் பாலிட்
இரண்டுக்கும் நடுவே
கேபிள்களைத் தாண்டி ஓடுகிறார்,
ஓடிக்கொண்டே கோட்டு மாற்றுகிறார்.
கதையில் அதற்கு ஓர் இரவு ஆகிறது.

என் வேலை ஒரு பொத்தான்.
யாராவது வசனம் மறந்தால் அழுத்துவேன்,
நாடு முழுக்கச் சத்தம் அறுந்துபோகும்.
அந்த இடைவெளியில் வரியைச் சொல்லிவிட்டு
விரலை எடுப்பேன்.
வீடுகளில் எழுந்துபோய்ப் பெட்டியின் தலையில் தட்டுவார்கள்.
தட்டியதால்தான் சரியானது என்று
இன்றுவரை நம்புகிறார் லீட்ஸில் என் மாமா.

வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார்.
பெயர் சொல்லவில்லை,
குடையை மட்டும் என்னிடம் கொடுத்தார்.
அவர் போனபின் என் பிரதியில்
ஐம்பத்தோராம் பக்கம் ஒரு நீலக் கோடு.
கோட்டுக்கு மேலே புது வரி:
"நாட்டு நலன்தான் பெரிது, ஐயா."
கோட்டுக்கு அடியில் பழையது.
புதைத்தவர் ஆழமாகத் தோண்டவில்லை.

ஒன்பது நாற்பத்திரண்டு.
மந்திரி தொலைபேசியை வைக்கிறார்.
ஆசிரியர் வாய் திறக்கிறார்.
ஒன்றும் வரவில்லை.
விளக்குச் சூட்டில் ஒட்டுமீசையின் ஒரு முனை
மெல்லக் கழன்று நிற்கிறது.
அவர் கண் என்னைத் தேடுகிறது.

அழுத்தினேன்.

எதைச் சொல்வதென்று யோசித்தேனா?
விசாரணையிலும் இதைத்தான் கேட்டார்கள்.
மூன்று வாரம் ஒத்திகை பார்த்த நாக்கு அது,
முந்தாநாள் கோட்டை அதற்கு யார் சொல்வது
என்றேன்.
பாதி உண்மை.

விரலை எடுத்ததும்
பர்மிங்காம் வரைக்கும் கேட்டது பாலிட்டின் குரல்:
"நீங்கள் போன் செய்திருக்கவே வேண்டாம், ஐயா.
கேட்பதற்கு முன்பே
அந்தச் செய்தியை எடுத்துவிட்டோம்."

மந்திரியாக நடித்த கிழவர் திகைத்தார்.
நல்ல நடிப்பு என்றார்கள் பிறகு.

மறுநாள் ஏழு பத்திரிகை வாங்கினேன்.
மீசையைப் பற்றி இரண்டு எழுதின.
"ஒலியில் தடங்கல், நான்கு விநாடி" என்றன மூன்று.
அந்த வரியைப் பற்றி ஒன்றிலும் இல்லை.
யாரும் அவர்களுக்குப் போன் செய்திருக்க மாட்டார்கள்
என்றுதான் நினைக்கிறேன்.

படச்சுருள் கிடையாது, ஒலிநாடா கிடையாது.
கட்டுப்பாட்டு அறையின் பதிவேட்டில்
அந்த மௌனம் மட்டும் இருக்கிறது,
நேரம் குறித்து, கையெழுத்துடன்.

வியாழக்கிழமை
அதே நாடகத்தை முதலிலிருந்து மறுபடி நடித்தார்கள்.
பொத்தானில் வேறொருத்தி.
நான் அடுத்த கூடத்தில், குழந்தைகள் நிகழ்ச்சியில்,
வாத்துப் பொம்மையின் நூலைப் பிடித்திருந்தேன்.
பாலிட் எதையும் மறக்கவில்லையாம்.

அன்றைக்கு நல்ல மழை.