படுத்துப் பாருங்கள்

வால்டிவியாவில் மழைக்குக் காரணம் தேவையில்லை.
கடையின் கடைசி நாளும் பெய்தது.
பெயர்ப்பலகை எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பெயர்த்தேன்.
அடியில் இருபத்தாறு வருடம் வெளிச்சம் காணாத சுவர்
அதே பெயரை
முன்னைவிடச் சுத்தமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தது.

விற்காமல் நின்றது ஒரே ஒரு இரட்டை மெத்தை,
பாலிதீன் உறை பிரிக்காதது.
வங்கிக்காரர் அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான்
கையெழுத்து வாங்கினார்.
"நல்ல மெத்தையாக இருக்கிறதே" என்றார்.
பழக்கதோஷம், விலையைச் சொல்லிவிட்டேன்.

ஐம்பத்தெட்டு வயதில் வேலை கேட்டுப் போனால்
கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரிவதில்லை.
கிடங்கில் என் முதுகைப் பார்த்தார்கள்.
பேரங்காடியில் பிறந்த வருடத்தை இருமுறை வாசித்தார்கள்.
"கூப்பிடுகிறோம்" என்றான் ஒரு பையன்.
நானே எத்தனை பேரிடம் சொன்ன சொல் அது,
அதன் எடை எனக்குத் தெரியும்.

மருத்துவமனையில் யானிரா கேட்டாள்
(இருபத்தொன்பது வயது, என் மேலாளர்):
"முன் அனுபவம்?"
"கட்டில்கள்" என்றேன்.
சிரித்தாள்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

இப்போது கட்டில் தள்ளுகிறேன்.
லிஃப்ட் வாசலில் முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கவேண்டும்.
ஏழாம் எண் கட்டில் இடப்பக்கம் இழுக்கும்,
அதற்கு ஆற்றங்கரைக்குப் போகவேண்டும்போல.
ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர்,
ஒரே கட்டடத்துக்குள்.
இரவில் நியேவெஸ் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை
என் முட்டியில் வைத்துக் கட்டுகிறாள்.
மறுநாள் அதுவே சூப்.

கடைக்கு வரும் ஜோடிகளிடம் சொல்வேன்:
செருப்பைக் கழற்றவேண்டாம்,
ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள்.
கூச்சத்தோடு படுப்பார்கள்.
கண்ணை மூடுகிறவர்கள் வாங்குவார்கள்,
கூரையைப் பார்ப்பவர்கள் தவணை கேட்டுவிட்டுப் போவார்கள்.

இங்கே எல்லோரும் கூரையைத்தான் பார்க்கிறார்கள்.
அதனால் நானும் பார்க்கக் கற்றேன்.
எக்ஸ்ரே அறைக்கு முன் ஒரு விளக்கு துடிக்கும்.
அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்:
இப்போது ஒரு விளக்கு கண்ணடிக்கும்,
இப்போது குளிர்காற்று,
இப்போது சின்னதாய் ஒரு குலுக்கல்.

செவ்வாய்க்கிழமை காலை, அறுவைக்குப் போகும் வழியில்,
ஹெர்மிந்தா அம்மையார் தலையைத் திருப்பாமலே கேட்டார்:
"நீதானே மெத்தைக் கடை?"
நான்தான்.
"இரண்டாம் வருடமே இடப்பக்கம் அமுங்கிவிட்டது.
பத்து வருடம் உத்தரவாதம் என்றாய்."
சொன்னேன்.
"கடைக்கு வந்தேன். சுவர்தான் இருந்தது."
லிஃப்ட் வந்தது. முன்சக்கரத்தைத் தூக்கினேன்.
என்னிடம் ரசீதுப் புத்தகம் இல்லை,
மாற்றித்தர மெத்தை இல்லை.
"நானே திரும்ப வந்து கூட்டிப்போகிறேன்" என்றேன்.
"எழுதிக்கொடுப்பாயா?" என்றார்.

சிவப்புக் கோட்டுக்கு அப்பால் எனக்கு அனுமதியில்லை.

பிற்பகல் மூன்றேகாலுக்கு
என் முறை முடிந்து கால்மணியாகியிருந்தது.
சட்டை மாற்றியவன் மறுபடி மாற்றிக்கொண்டு போனேன்.
தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாய்த் திறந்து,
இடப்பக்கம் சரிந்து,
அங்கே ஒரு பள்ளம் இருப்பதுபோல.

வார்டில் சக்கரப் பூட்டை மிதித்தேன்.
ஒருமுறை அசைத்துப் பார்த்தேன்.
நின்றது.
வெளியே மழை, சொல்லவேண்டியதில்லை.