எடைமேடை எண் இரண்டு

பரானா ஆற்றங்கரையில் சோயாப் பருவம்.
திம்பூயெஸ் துறைமுகத்துக்கு வெளியே
கண்ணுக்கெட்டிய வரை லாரிகள்.
கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து
மைக்கில் கூப்பிடுகிறேன்:
முன்னால் வா, இன்னும் கொஞ்சம், நில்.
வண்டி ஆடி அடங்கும்வரை
எண்கள் தவித்துக்கொண்டிருக்கும்.
பிறகு விழும்:
நாற்பத்தைந்து டன் இருநூற்று நாற்பது.
கொட்டிவிட்டுத் திரும்புகையில்
பதினைந்து டன் நூற்றெண்பது.
இந்த வேலையே ஒரு கழித்தல் கணக்கு.

வீட்டுக் குளியலறையில்தான் கழித்தல் நின்றுபோனது.
தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
ஆறு வாரமாக.
தராசை வேறு ஓட்டின்மேல் வைத்துப் பார்த்தேன்.
தோட்டைக் கழற்றினேன்.
ஈரத்தலையோடு ஒருநாள், உலர்த்தி ஒருநாள்.
பேட்டரியைக்கூட மாற்றினேன்.
புது பேட்டரியில்
அதே எண் இன்னும் பளிச்சென்று.

மருத்துவர் சிமோனெத்தி சொல்கிறார்:
பஞ்சம் வந்துவிட்டதென்று பயந்து
உடம்பு கிடங்கைப் பூட்டியிருக்கிறது,
பூட்டைத் தட்டாதே, நட, புரதம் சாப்பிடு.
இரைப்பையில் முக்கால் பங்கை
அவரிடம் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.
மிச்சமிருக்கும் கால் பங்குக்கு
இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எங்கிருந்து வந்தது?

அதே நாள், அதே வார்டு, பக்கத்துக் கட்டில் நேலிதா
எழுபத்துநாலுக்கு இறங்கிவிட்டாள்.
பழைய கால்சட்டையின் ஒரே காலுக்குள்
இரண்டு காலையும் விட்டு நின்று
படம் அனுப்புகிறாள்.
அவள் நன்றாக இருக்கட்டும்.
அவள் செருப்பு நடுரோட்டில் அறுந்துபோகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தன் ஃபாப்ரிசியோவின்
கரியடுப்பில் விலா எலும்பு வெடிக்கிறது.
என் தட்டில் தீப்பெட்டி அளவு இறைச்சி.
இருபது தடவை மெல்ல வேண்டும்.
நான் பதினான்கில் இருக்கும்போதே
மேசை காலி.
"இன்னும் எவ்வளவு பாக்கி?" என்கிறான்
கடன்காரனைக் கேட்பதுபோல.
நூற்று நாற்பத்தொன்றாய் இருந்த காலத்தில்
யாரும் எதுவும் கேட்டதில்லை.
நாற்காலியை மட்டும் மாற்றிப் போடுவார்கள்,
பேச்சை நிறுத்தாமலே.

ராத்திரி மூன்று மணிக்கு வரிசை ஓய்ந்தால்
நானே இறங்கிப் போய் எடைமேடையில் நிற்பதுண்டு.
எண்பது டன் தாங்கும் அதற்கு
இருபது கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
முன்பு நூற்று நாற்பது காட்டியது.
நடுவில் நூற்று இருபது.
இப்போது நான்கு மாதமாக நூறு, நூறேதான்.
வீட்டுத் தராசு பரவாயில்லை,
கிராம் கணக்கிலாவது அவமானப்படுத்துகிறது.

நேற்று மேடையைச் சோதிக்க எர்மிந்தோ வந்தார்.
இருபது கிலோ வார்ப்பிரும்புக் கற்கள், வண்டி நிறைய.
மூலைக்கு மூலை அடுக்கி, பார்த்து,
முகம் சுளித்து, மறுபடி அடுக்கினார்.
இரண்டைக் கடன் கேட்டேன்.
எதற்கு என்றார்.
சும்மா என்றேன்.
கைக்கொன்றாய்த் தூக்கி
வாசல் கேட்டை நோக்கி நடந்தேன்.
நான்காவது அடியில் முழங்கால்கள்
அடையாளம் கண்டுகொண்டன:
பழைய முதலாளி திரும்பி வந்ததுபோல
ஒரு நடுக்கம், ஒரு பணிவு.
தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டேன்.
விரல்களில் துருவாசம்.
கழித்துப் பார்த்தால் இன்னும்
மூன்று கிலோ அறுநூறு இருக்கிறது.
அவ்வளவு சின்னக் கல் அவரிடம் இல்லை.

இன்று காலை
தொண்ணூற்றேழு புள்ளி ஆறு.
பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்படி
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
வேலைக்கு வந்தேன்.
கூண்டுக்கு ஐந்து படி.
கைப்பிடிக் கம்பியில் என் பிடி தேய்த்த இடம்
வெள்ளி மாதிரி மின்னும்.
மேலே வந்து
பூட்டுக்குள் சாவியைத் திருகும்போதுதான் பார்த்தேன்:
ஒரு கையில் சாவி,
மறுகையில் மாத்தே சுடுநீர்க் குடுவை.
எதைப் பிடித்து ஏறினேன்?

யோசிக்க விடவில்லை,
கீழே முதல் லாரி ஹார்ன் அடிக்கிறது.
மைக்கை எடுக்கிறேன்.
முன்னால் வா.
இன்னும் கொஞ்சம்.
நில்.