அரை சென்டிமீட்டர்

அப்பர் சிராங்கூன் சாலை,
குழாய்க்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
குளிர்சாதனம் சொட்டும் இடத்தில் ஒரு மைலோ டின்.
கட்சிக்கு இருப்பது இந்த ஓர் அறைதான்.
தொகுதி ஒன்று, கேட்பவர் இருவர்,
வாக்களிக்க இருபத்து மூன்று உறுப்பினர்.
இருபத்து நான்காம் நாற்காலியில்
வாக்கில்லாத நான்.
துண்டறிக்கைகளைத் தமிழாக்குபவன்,
பக்கத்துக்கு முப்பது வெள்ளி.

ஜெரால்ட் பெரேரா எழுந்தார்.
கையில் மூன்றாண்டுப் பழைய துண்டறிக்கை,
மடிப்பில் கிழிந்து ஒட்டுநாடாவில் நிற்பது.
"எனக்குத் தமிழ் தெரியாது,
மருமகள் படித்துச் சொன்னாள்.
இங்கே பொறியாளர் என்று இருக்கிறதாம்.
பதிவேட்டில் மூன்று முறை தேடினேன்.
காஞ்சனமாலா வீராசாமி என்று
ஒரு பொறியாளர் இல்லை."

அப்புறம் ஆளாளுக்குப் பேசினார்கள்.
பட்டயம் வேறு, பட்டம் வேறு.
பகுதிநேரப் படிப்பை
இரண்டாம் ஆண்டில் ஏன் விட்டார்?
இரட்டைப் பிள்ளை பிறந்தது, என்றது பின்வரிசை.
நாம் கேட்காவிட்டால்
எதிர்த்தரப்பு கேட்கும், என்றார் பொருளாளர்.
ஹம்சா மட்டும் குரலை உயர்த்தினார்:
"பதினெட்டு வருஷம்
மின்தூக்கிக் குழிக்குள் இறங்கினவங்கப்பா!"
"குழிக்குள் இறங்கினால் பொறியாளரா?
எங்கள் புளோக் பூனையும்தான் இறங்கியது."
சிரித்தார்கள்.
பிளாஸ்டிக் பையில் கோப்பி கைமாறியது.
காஞ்சனமாலா சிரிக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

ஆங்கிலத்தில் அது அப்படி இல்லை.
மின்தூக்கிப் பொறியியல் பிரிவில்
முதுநிலைத் தொழில்நுட்பர்.
அதுதான் எனக்கு வந்தது.
தமிழில் நீட்டினால்
படத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே
அரை சென்டிமீட்டர் போதவில்லை.
இரவு பதினொன்றே கால்,
அச்சகத்துப் பையன் கொட்டாவியோடு காத்திருக்கிறான்.
எழுத்தைச் சிறிதாக்கினால்
கண் மங்கியவர்கள் திட்டுவார்கள்.
வெட்டினேன்.
முதுநிலை போயிற்று. பிரிவு போயிற்று.
தொழில்நுட்பரும் போனார்.
வால் அறுந்த பொறியியலில்
ஓர் 'ஆளர்' முளைத்தார்.
பொறி என்றால் எந்திரம்.
எலி மாட்டுவதும் அதில்தான்.

இப்போது சொல்லலாம் என்று கையைத் தூக்கினேன்.
காஞ்சனமாலா முந்திக்கொண்டார்.
"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.
அச்சுக்குப் போகும் முன்னே பார்த்தேன்.
பிழை என்று தெரிந்தது.
என் பெயருக்குக் கீழே அந்தச் சொல்
நன்றாக இருந்தது.
விட்டுவிட்டேன்."

இதற்கு யாரிடமும்
அடுத்த கேள்வி தயாராக இல்லை.
தூக்கிய கையால் நான்
மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

பதினான்குக்கு ஒன்பது.
எட்வின் குவேக் எல்லாருக்கும் கை கொடுத்தார்,
எனக்கும்.

பேருந்தில் வரும்போது அவருக்கு எழுதினேன்.
வெட்டியவன் நான், வாய் திறக்காதவனும் நான்,
மன்னிக்கவும்.
பொத்தோங் பாசிர் தாண்டியபின் பதில் வந்தது.
"தளத்துக்குச் சமமாக நிற்காத மின்தூக்கியை
பத்து மில்லிமீட்டர் வரை விடுவோம்.
நீங்கள் ஐந்து.
மீதி ஐந்து நான்."
அதைப் படித்துக்கொண்டே
இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை
வெற்றி பெற்றவரின் ஆங்கிலம் வந்தது.
சமூக முன்னோடி.
தொலைநோக்காளர்.
மாற்றத்தின் உந்துசக்தி.
இவற்றுக்கு எந்தக் கழகம் சான்றிதழ் தருகிறது,
எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கும்,
ஜெரால்ட் கேட்கவில்லை.
பொருளாளர் கேட்கவில்லை.
முப்பது வெள்ளிக்கு நானும் கேட்கவில்லை.
ஒரு சொல்லும் வெட்டாமல் வரி பொருந்தியது.
ஓரத்தில் இன்னும் இடம் இருந்தது.