நகக்கண்

காலை ஏழரைக்கு அவள் வயிற்றைத் திறக்கிறார்கள்.
பித்தப்பைக் கல். பெரிய விஷயமில்லை என்றார் டாக்டர்,
பெரிய விஷயமில்லாததைச் சொல்லும் அவசரத்தோடு.
போனில் வந்த நர்ஸ்தான் கேட்டாள்:
நகத்தில் சாயம் ஏதும் உண்டா?
மூச்சை அளக்கிற கவ்விக்கு
நகத்தின் வழியேதான் பார்வை.

உண்டு. பத்து விரலிலும்.
தங்கை கல்யாணத்துக்குப் பலாங்காவில் போட்டுக்கொண்ட
பாசிப்பச்சை ஜெல் பாலிஷ்.
பிப்ரவரி. ஞாயிறு இரவு எட்டு மணி.
கிளைபேதாவில் அழகுநிலையம் எதுவும் திறந்திருக்காது.

நான் கப்பல்பட்டறையில் பெயிண்ட் உரிப்பவன்.
இருபத்திரண்டு வருடம்.
சுரண்டியிருக்கிறேன், மணல் பீய்ச்சியிருக்கிறேன்,
இரும்பு பல்லிளிக்கும்வரை கிரைண்டரால் கடித்திருக்கிறேன்.
பதினான்கு மில்லிமீட்டர் தகடு, தாங்கும்.
"கொண்டா கையை" என்றேன்.

ஸ்கைஸ்தே இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.
"இது கப்பல் இல்லை."

போன வருடம் பேருந்து நிறுத்தத்தில்
ஓரம் கிளம்பிய ஒன்றைப் பல்லால் உரித்தாளாம்.
பச்சையோடு நகத்தின் மேல்தோலும் வந்துவிட்டது,
வெங்காயத் தோல் மாதிரி.
இரண்டு மாதம் சட்டைப் பித்தான் போட்டாலே எரிச்சல்.
என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்திருப்பேன்?
உரிப்பது வேண்டாம்.

பேக்கரியில் உடன் வேலை செய்யும் விலியாவுக்கு
சுழலும் அரம் ஒரு நொடி வழுக்கியது.
நகத்தில் விழுந்த சிவப்புக் கோடு
ஏற்றநீர் விட்டுப்போன தடம்போல
இன்னும் மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது.
அரமும் வேண்டாம்.

கொட்டகையிலிருந்து என் தின்னர் டப்பாவைக் கொண்டுவந்தேன்.
காலால் திருப்பி லேபிளைக் காட்டினாள்:
மண்டையோடு, தீச்சுடர்.
"நீயே முகமூடி போட்டுத்தானே இதைத் தொடுவாய்?"

மிஞ்சியது மெதுவானது மட்டும்.
மேல்மாடி யாத்விகாவிடம் அரை பாட்டில் அசிட்டோன் இருந்தது.
அதுவும் சாதுவல்ல.
அடுப்பை அணைத்தேன், மெழுகுவத்தியை ஊதினேன், ஜன்னலைத் திறந்தேன்.
மைனஸ் ஒன்பது உள்ளே வந்து நாற்காலி கேட்டது.

மினுக்கை மட்டும் தேய், நகத்தை இல்லை என்றாள்.
மேஜையில் பச்சைப் பொடி.
தோலைச் சுற்றி வாசலின்.
நகத்தளவே பஞ்சு, நனைத்து,
மேலே அலுமினியத் தாள்.
கம்பளிக் கோட்டுக்குள் என் மனைவி,
பத்து வெள்ளித் தொப்பிகளோடு.

கால் மணி நேரம்.
பட்டறையில் நான் காத்திருந்ததே கிடையாது,
அங்கே ஒவ்வொரு மணிக்கும் வாடகை ஓடும்.
அவள் மூக்கு அரித்தது. சொரிந்துவிட்டேன்.
"கரன்ட் பில் எங்கே இருக்கிறதென்று தெரியுமா உனக்கு?" என்றாள்.
தெரியாது.
"மாவு டப்பாவுக்குப் பின்னால்."
அதற்கப்புறம் இருவரும் கடிகாரத்தையே பார்த்தோம்.

பிரித்தபோது பச்சை,
ஆறிய பாலின் ஆடையாய்ச் சுருங்கியிருந்தது.
ஆரஞ்சுக் குச்சியால் தள்ளினால் போதும்,
தானாக வழுகியது. ஒன்பது விரல்.
மோதிர விரல் மட்டும் விடவில்லை.
என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல்
அதன் ஓரத்துக்கடியில் நுழைந்தது.
பார்த்துவிட்டாள்.
"திரும்பச் சுற்று."

சுற்றினேன். இன்னும் பத்து நிமிடம்.
பதறாத காரியம் சிதறாது என்பது
பதறுகிறவனுக்கு யாரோ சொன்ன பொய்யென்றே நினைத்திருந்தேன்.

கழுவி, எண்ணெய் தடவி, விளக்கின் கீழ் நீட்டினாள்.
பதினோரு வருடத்தில் நான் பார்த்திராத நகங்கள்.
வெளுத்து, மெல்லிய வரி ஓடி,
சுண்டுவிரலில் அரிசிமுனையளவு வெள்ளைப் புள்ளி.
கண்ணாடியைக் கழற்றிய முகம்போல இருந்தன.
எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை எனக்கு.

இப்போது மணி எட்டு பத்து.
ஆஸ்பத்திரி நடைவழி, பிளாஸ்டிக் நாற்காலி.
கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கவ்வி
அந்த விரலுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்.
என் ஸ்வெட்டர் கையில் ஒரு பச்சைச் செதில்
ஒட்டிக்கொண்டிருக்கிறது.
சுரண்டப் போன விரலை
மடித்து வைத்துக்கொள்கிறேன்.